காசினி கட்டுப்பாடு இழந்து விழவில்லை

காசினி விண்கலம் பழுதாகி, கட்டுப்பாட்டை இழந்து சனிக் கோளில் விழுந்தது என்று இணையத்தில் ஒரு பதிவு சொல்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். நண்பர்களே, அது விபத்து அல்ல. 2017 செப்டம்பர் 15 அன்று நாசா வேண்டுமென்றேதான் அதைச் சனியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தியது. 2004 முதல் சனியைச் சுற்றிவந்த கலத்தில் எரிபொருள் தீரும் நிலை. அப்படியே விட்டிருந்தால், பனிக்கட்டிக்கு அடியில் கடல் கொண்ட என்செலடஸ் நிலவில் என்றாவது மோதி, பூமியின் நுண்ணுயிர்களை அங்கே சேர்த்திருக்கக்கூடும். அந்த அபாயத்தைத் தவிர்க்கவே இந்த முடிவு.

கடைசி நிமிடத்திலும் அது கட்டளைப்படியே இயங்கியது. காற்று அதைப் புரட்டிப்போட முயல, உந்துபொறிகள் முழு விசையுடன் போராடி ஆன்டெனாவைப் பூமியை நோக்கியே பிடித்திருந்தன, தரவுகளும் வந்துகொண்டிருந்தன. எவ்வளவு அருமையான பொறியியல்! இதை வெறும் பழுது என்று சுருக்குவது வருத்தமாக இருக்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். நாசா தளத்தில் காசினி பற்றிய 2017 ஏப்ரல் மாத அறிவிப்புகளைத் திறந்து பாருங்கள். செப்டம்பர் 15 என்ற தேதி ஐந்து மாதங்களுக்கு முன்பே அவற்றில் இருக்கிறது.