எந்த சார்ஜுலே?

அரபியில மொழிபெயர்த்துக் குடுக்கிறவன் நான், எங்க பக்கம் அண்ணனைக் காக்கான்னு கூப்பிடுவாங்க. ராத்திரி பத்தரை மணிக்குப் போன். "காக்கா, 'சார்ஜ்'க்கு அரபியில என்ன? ஒரே ஒரு வார்த்தைதான்." எந்த சார்ஜுன்னு திருப்பிக் கேட்டா பயலுக்குக் கோவம் வருது.

ஏலே, மேலப்பாளையத்துலருந்து ஜங்ஷனுக்குப் போக கண்டக்டர்ட்ட குடுக்கியே, அது சார்ஜ். போன்ல ஏத்துறது சார்ஜ். போலீஸ் தடியைத் தூக்குனா சார்ஜ், கோர்ட்டுல குடுக்கிற ஷீட்டும் சார்ஜ். புதுசா வந்த மேனேஜர் எடுக்கதும் சார்ஜ். நாம எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தையைப் புழங்கிப் பழகிட்டோம். அரபியில ஒவ்வொண்ணுக்கும் வேற வேற சொல்லு. கட்டணம்னா ருஸூம். குற்றச்சாட்டுன்னா துஹ்மா. பேட்டரிக்கு ஷஹ்ன்; சரக்கு ஏத்துறதுக்கும் அதே ஷஹ்ன்தான். குர்ஆன்ல யாசீன் அத்தியாயம் 41-வது ஆயத்துல, அதாவது வசனத்துல, 'ஃபுல்கில் மஷ்ஹூன்'னு ஓதுறோமே, நிறைஞ்ச கப்பல், அந்த வேர்லருந்து வந்தது. பொறுப்புல இருக்கவர் மஸ்ஊல். 'கேள்வி கேட்கப்படுறவர்'னு நேர் அர்த்தம். பொறுப்புக்கு இதைவிட நல்ல சொல்லு எங்க கிடைக்கும்!

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்னா, அடி விழுந்தது என் ராத்தா, அதான் அக்கா, அவ மகனுக்கு. நாலு வருஷம் ஒரு குடோனைக் கட்டிக் காத்த பய. சரக்கைப் பாத்துக்கிற பொறுப்பு இவன்ட்ட குடுத்திருந்தோம்னு முதலாளி இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்த சர்டிபிகேட்ல 'சார்ஜ்டு வித்'னு இருக்கு. நான் ரெண்டு நாள் ஊர்ல இல்ல. அவசரத்துக்கு அதை அரபியில மாத்தித் தரச் சொல்லி ஒரு கடையில குடுத்திருக்கான். அவங்க போன் ஆப்புல போட்டு, வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து, சீலும் குத்திட்டாங்க. திரும்பி வந்து அரபித் தாளை வாங்கிப் பாக்கேன், 'உத்துஹிம'ன்னு இருக்கு. குற்றம் சாட்டப்பட்டான்! அதுவும் சரக்கு விஷயத்துல! அந்தக் குடோன்லருந்து ஒரு ஆணிகூட வீட்டுக்கு எடுத்துட்டு வராத பிள்ளைய்யா அவன். நான் பாக்குறதுக்கு முன்னாடியே அந்தத் தாளு வளைகுடா கம்பெனிக்குப் போயிட்டு.

காயல்பட்டினப் பக்கம் தமிழையே அரபி எழுத்துல எழுதுனவங்க நம்ம பெரியவங்க. அரபியில இல்லாத ஓசைக்குப் புள்ளி வச்சுப் புது எழுத்தே உண்டாக்குனாங்க. ஒரு ஓசை பிசகக் கூடாதுன்னு அவ்வளவு மெனக்கெட்ட சீமையில, ஒரு மனுசனோட பேரு கெடுறதைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல.

வார்த்தையை மட்டும் அனுப்பாதீங்க. முழுத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, ராத்திரி ஒரு மணின்னாலும் உக்காந்து பாக்குதேன். சரியான தாளை நானே எழுதி அனுப்பிட்டேன். அங்கருந்து இன்னும் பதில் இல்ல. ராத்தா தெனமும் கேக்கா.