பாரி என்று பெயர் வைக்கிறவர்களுக்கு

சில வருடங்களாகப் பாரி என்ற பெயரை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் சந்தோஷம்தான். இரண்டே எழுத்து, கூப்பிடச் சுகம், சுருக்கிச் செல்லப்பெயர் ஆக்கவும் வழியில்லை. ஆனால் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: “முல்லைக்குத் தேர் கொடுத்தவன் இல்லையா, வள்ளல்!” அதற்கு மேல் யாரும் போவதில்லை. பெயர்ப்பலன் சொல்லும் இணையதளங்கள் அதையும் கெடுத்து வைத்திருக்கின்றன. தாராள குணம், தலைமைப் பண்பு, அதிர்ஷ்ட எண் இன்னது, கிழமை இன்னது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே பத்தியை வேறு எந்தப் பையனுக்கும் ஒட்டலாம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பார் என்றால் உலகம், ஆகவே பாரி என்றால் உலகை ஆள்பவன் என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. அகராதியைத் திறந்தால் பாரிக்கு மனைவி என்றும் ஒரு பொருள் இருக்கிறது, பாரியாள் என்கிறோமே, அந்த வழியில். இதைச் சொன்னால் வீட்டில் தாத்தாக்கள் கொஞ்சம் பதறுவார்கள். இந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லிலிருந்து வரவில்லை, அதைச் சுமந்த ஆளிடமிருந்து வந்தது என்பதுதான் என் எண்ணம்.

அப்படி வந்துவிட்டது என்பதற்குத் தேவாரத்திலேயே சாட்சி இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருப்புகலூரில் பாடும்போது புலவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: “கொடுக்கிலாதானைப் பாரியே என்று கூறினும் கொடுப்பார் இலை.” கஞ்சனைப் போய்ப் பாரி என்று புகழ்ந்தாலும் காசு பெயராது என்கிறார். பாரி மறைந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகு அவன் பெயர் முகத்துதிக்கான வார்த்தையாகியிருக்கிறது. கூடவே, வலுவில்லாதவனை வீமன் என்று புகழ்வதையும் சொல்கிறார். வீமன் என்றால் பலம், பாரி என்றால் கொடை. பெயருக்குக் குணம் ஒட்டுவது ஒன்றும் இணையதளங்கள் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் புறநானூற்றில் அவன் நண்பரான புலவர் கபிலர் காட்டும் பாரி இன்னும் பெரிய ஆள். 105 முதல் 120 வரை வரிசையாக அவனைப் பற்றிய பாட்டுகள்தான். 112 மட்டும் அவன் மகள்கள் பாடியது, மற்றவை கபிலருடையவை. முதல் பாட்டிலேயே கபிலர் அவனை “நீரினும் இனிய சாயல் பாரி” என்கிறார். தண்ணீரைவிட இனிமையான இயல்பு! ஒரு தலைவனைப் புகழும்போது தோளையும் வாளையும் விட்டுவிட்டு இதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது பாருங்கள். அடுத்த பாட்டில், எருக்கம்பூவைக் கொண்டு வந்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை, அதுபோல ஒன்றும் தெரியாதவர்கள் போனாலும் கொடுப்பதைப் பாரி தன் கடமையாக வைத்திருக்கிறான் என்கிறார். தகுதி பார்த்துக் கொடுப்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

அப்புறம் பிடிவாதம். மூவேந்தரும் சேர்ந்து பாரியின் பறம்பு மலையை முற்றுகை இடுகிறார்கள். கபிலர் அவர்களிடம் சொல்கிறார்: மலையில் உழாமலே நான்கு விளைகின்றன, மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். படையால் இதைப் பிடிக்க முடியாது. யாழை மீட்டிக்கொண்டு, விறலியர் பின்னால் வர, ஆடிப் பாடிக்கொண்டு வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். இன்னொரு பாட்டில், பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சம் நானும் பாரியும் இந்தக் குன்றும்தான் என்கிறார். படித்தால் சிரிப்பு வருகிறது. கேட்டு வந்தால் எல்லாம் உண்டு, மிரட்டினால் ஒரு கல்கூடக் கிடையாது. பாரியின் குணம் எது என்று என்னைக் கேட்டால் கொடையோடு சேர்ந்த இந்த வீம்பைத்தான் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த பாரி 236-ஆம் பாட்டில் இருக்கிறான். அப்போது அவன் உயிரோடு இல்லை. கபிலர் புலம்புகிறார், புலம்பல்கூட இல்லை, சண்டை பிடிக்கிறார். இத்தனை வருடம் என்னைப் பேணிவிட்டு, சாகும்போது மட்டும் கூட வராதே, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டாயே, நான் உனக்கு ஏற்ற நண்பன் இல்லைபோல என்று. தன் முடிவு தெரிந்த நேரத்தில் நண்பனையாவது பிழைக்க வைக்க நினைத்தவன் அவன். முல்லைத் தேர் கதையை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தேர் கதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது, கபிலர் வாயிலும் வருகிறது. பாரி இறந்த பிறகு அவன் மகள்களுக்கு மணம் பேசப் போன இடத்தில், நாவில் தழும்பு ஏறப் பாடாத முல்லைக்கும் தேர் கொடுத்தவன் பெண்கள் இவர்கள் என்று அறிமுகம் செய்கிறார். பாடத் தெரிந்தவர்களுக்கே எல்லோரும் கொடுக்கும் காலத்தில், வாயில்லாத கொடிக்குக் கொடுத்தான் என்பதுதான் அங்கே பேச்சு. நம் பள்ளிப் பாடத்தில் அது கொஞ்சம் அசட்டுத்தனமான தாராளமாகச் சுருங்கிவிட்டது.

எண்கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குழந்தை பாஸ்போர்ட் அலுவலகத்தில் படட்டும். சென்னைப் பாரிமுனைக்கும் இந்தப் பாரிக்கும் சம்பந்தம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தாமஸ் பாரி என்ற வெள்ளைக்கார வணிகரின் பெயர்.

ஒன்றே ஒன்றுதான் என்னால் பொறுக்க முடியாதது. பாரி சின்னதாக இருக்கிறது என்று பின்னால் வேந்தன் சேர்த்து நீட்டுவது. அவன் வேள், அதாவது குறுநிலத் தலைவன், மூவேந்தரைப் போல வேந்தன் இல்லை. “வேந்தர் எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே” என்று அவன் பெண்கள் அழுதது அந்த வேந்தர்களால்தான். நீட்டியே ஆகவேண்டும் என்றால் வேள்பாரி இருக்கிறது. இல்லையா, வெறும் பாரியே போதும், கபிலரே அப்படித்தான் கூப்பிட்டார்.