காசு கொடுத்துப் போனவனுக்கு ஏன் வழக்கில்லை?

பாலியல் தொழில் நடந்த விடுதி முற்றுகை, பெண்கள் கைது. இப்படி ஒரு செய்தி வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வந்தால் போதும், எங்கட சனம் கருத்துப் பெட்டியில் அந்தப் பெண்களைக் கிழித்துத் தொங்கப் போட்டுவிடும். அங்கே காசு கொடுத்துப் போன ஆம்பிளைகளைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சட்டமும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. ஆட்கடத்தல்காரனுக்கு 2 முதல் 20 வருடம் வரை சிறை என்று 2006இல் திருத்திய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவு சொல்கிறது, நல்லது. ஆனால் கடத்தி வைக்கப்பட்ட ஒரு வயதுவந்த பெண்ணிடம் காசு கொடுத்துப் போகிறவனுக்கென்று ஒரு குற்றம் இல்லை. பொலிஸோ இன்னும் 1841இல் வெள்ளைக்காரன் எழுதிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பெண்களைப் பிடிக்கிறது.

வன்னியில் இது எப்படி நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? 2009இல் போர் முடிந்த பிறகு புருஷனில்லாமல் குடும்பத்தைத் தூக்கி நிமிர்த்தும் பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கிழமைக்கடன்காரன் படலையில் நிற்கிறான். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வருவார், பெரும்பாலும் தெரிந்த ஆள்தான், கொழும்பில் வேலை, இல்லையென்றால் விசிட் விசாவில் வெளிநாடு, போன உடனே சம்பளம் என்பார். போய் இறங்கிய இடத்தில் பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டினால் அவள் என்ன செய்வாள்? 2022இல் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்களின் விவகாரம் வெடித்தபோது நாடே பார்த்தது.

வெளியே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நோர்வே 2009இலிருந்து உடலுறவுக்குக் காசு கொடுப்பதையே குற்றமாக்கியிருக்கிறது, அந்த நாட்டுக்காரன் வெளிநாட்டில் போய்ச் செய்தாலும் குற்றம். இங்கிலாந்தில், வற்புறுத்தப்பட்ட பெண்ணிடம் போனவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது, ஆனால் தண்டம் அதிகபட்சம் 1000 பவுண்தான். அது எந்த மூலைக்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் உறுப்பு நாடுகளுக்குச் சொன்னது, கடத்தப்பட்டவள் என்று தெரிந்தே போனால் குற்றமாக்குங்கள் என்று. "தெரிந்துதான் போனேன்" என்று எவன் வாயால் சொல்லுவான்? என்னைக் கேட்டால் பின்லாந்து 2015இல் செய்த திருத்தம்தான் சரி: சந்தேகப்பட வேண்டிய காரணம் கண்முன்னே இருந்தும் போனவனும் குற்றவாளி.

காரணம் கண்முன்னே இருக்கும். காசை வாங்குவது அவளாக இருக்காது, வாசலில் நிற்கிற ஒருத்தனாக இருக்கும். கதவு வெளியால் பூட்டியிருக்கும். அவளுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது, உடம்பில் அடிபட்ட தழும்பு இருக்கும், பயத்தில் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். இவ்வளவையும் பார்த்துவிட்டு உள்ளே போகிறவனை ஏமாந்த வாடிக்கையாளன் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, இப்படியொரு சட்டம் வந்தால் தொழில் இன்னும் மறைவுக்குள் போய்விடும், பொலிஸ் அதையும் வைத்துப் பெண்களைத்தான் நெருக்கும் என்று பெண்கள் அமைப்புகளில் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். பொலிஸ் எப்படி நடக்கும் என்று வன்னிச் சனத்துக்கு யாரும் பாடமெடுக்கத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், 1841ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே நாளில் தூக்க வேண்டும். தானாக விரும்பி இந்தத் தொழிலில் இருக்கிற பெண்ணைப் பற்றி நான் இங்கே பேசவில்லை, அவளைக் கைது செய்யவும் கூடாது. பூட்டி வைக்கப்பட்டவளிடம் போனவனுக்கு வெறும் தண்டப்பணம் போதாது, சிறை இருக்க வேண்டும். அவள் தமிழில் வாக்குமூலம் கொடுக்க ஒரு பெண் பொலிஸ் அந்த நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கட பாராளுமன்ற உறுப்பினர்களில் யாராவது ஒருவர் இதைச் சபையில் எழுப்புங்கள், தனிநபர் பிரேரணையாகவாவது.