காரணத்தைச் சொல்லாத பிழைச்செய்தி
அப்பாவின் ஓய்வூதிய ஆவணங்கள் இருக்கும் பென் டிரைவை நேற்றிரவு லினக்ஸ் கணினியில் செருகியபோது நீல விளக்கு மினுங்கியது, இணைந்திருக்கும் வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையும் அதை 'எஸ்டிபி1' என்று காட்டியது. மவுண்ட் செய்யச் சொன்னால் மட்டும், அதாவது கோப்புகளைத் திறக்கும்படி இணைக்கச் சொன்னால் மட்டும், கோப்பு முறைமை வகை தவறு, சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) பழுது, அல்லது வேறு ஏதோ பிழை என்று ஒரே வரியில் நாலைந்து காரணங்களை அடுக்கிவிட்டு நின்றுவிட்டது. இதில் எதை நம்புவது? ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைப் புரட்டினால், வால்யூம் 'டர்ட்டி', அதாவது பென் டிரைவின் கோப்புப் பகுதி முறையாக மூடப்படவில்லை என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. பிரதி எடுத்த கடையில் 'எஜெக்ட்' செய்யாமலே பிடுங்கியிருக்கிறார்கள்; விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையைப் படிக்க கெர்னல் 5.15இல் வந்த 'என்டிஎஃப்எஸ்3' இயக்கி அந்தக் குறியைக் கண்டால் ஏற்க மறுக்கும். மறுப்பது தரவைக் காக்கத்தான், அதில் எனக்குக் குறையில்லை. அந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே திரையில் காட்டியிருக்கக் கூடாதா?