பலமான காற்றல்ல, கலங்கிய காற்றுதான் காத்தாடியைத் தின்கிறது

ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் முப்பந்தலில் மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடிகளை ஆசையாக போட்டோ எடுப்பார்கள். அதே காத்தாடிகளில் பல வருஷம் ஏறி இறங்கி பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அவற்றை எவ்வளவு நெருக்கி நட்டிருக்கிறோம் என்பதுதான் என் கண்ணை உறுத்தும்.

மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும் மேற்குக் காற்று முதல் வரிசைக்கு ஓரளவு சீராக வரும். அந்த இறக்கைகளைத் தாண்டியதும் வேகம் குறைந்து, சுழன்று, கலங்கிப்போய்த்தான் பின்வரிசைக்குப் போகும். அங்கே நிற்கும் பழைய 225 கிலோவாட் இயந்திரம் நிமிடத்துக்கு 43 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை அந்தக் கலங்கலுக்குள் புகுந்து வெளியே வரும். மணிக்கு 2,500 தடவைக்கு மேல் வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதே வேலைதான். கண்ணாடி இழை இறக்கையில் இந்த அசைவின் அழுத்தம் 10 சதவீதம் கூடினால் சேதம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும்.

இறக்கை வாங்கும் அந்த உலுக்கல், அதன் சுற்றை வேகப்படுத்தி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும். ஒரு சீசன் முடிவில் பின்வரிசை கியர்பாக்ஸ் ஒன்றைத் திறந்து டார்ச் அடித்தேன். பல்லின் ஒரு ஓரம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. ஆயில் ஃபில்டரைத் தடவினால் விரலில் ஜிகினா போல இரும்புத்தூள். அது நட்ட அதே வருஷம் நட்ட முன்வரிசை இயந்திரத்தில் பற்கள் பளபளவென்று இருந்தன. ஆயில் சரியில்லை என்றார் உரிமையாளர். சரி என்று மாற்றினோம். அடுத்த வருஷம் குழி இன்னும் பெரிதாகியிருந்தது.

இப்போது பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிய இயந்திரம் வைக்கும் பேச்சு நடக்கிறது. 2024-இல் அரசு அதற்குக் கொள்கையும் வெளியிட்டது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் இடைவெளியில் கை வைக்காதீர்கள். காற்றுத் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல 7 மடங்கு, குறுக்கே 5 மடங்கு என்பது நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. 120 மீட்டர் விட்டம் என்றால் பின்னால் 840 மீட்டர் விட வேண்டும். நிலம் துண்டு துண்டாகக் கிடக்கும் ஊரில் இது கஷ்டம்தான். அதற்காக நெருக்கி வைத்தால் பழைய கதை இன்னும் பெரிய கியர்பாக்ஸில் நடக்கும்.

பணம் போடுகிறவர்கள் எல்லோரும் சராசரி வேகம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சராசரியை விட்டு காற்று பத்து நிமிடத்துக்குள் எத்தனை சதவீதம் ஏறி இறங்குகிறது என்றும் கேளுங்கள். எவ்வளவு கலங்கலைத் தாங்க வேண்டும் என்பதை வைத்து இயந்திரங்களை வகை பிரித்திருக்கிறார்கள். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஏ வகை இயந்திரத்துக்கு 16 சதவீதம், பி வகைக்கு 14, சி வகைக்கு 12 என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். 20 வருஷ ஆயுள் என்பதும் அந்தக் கணக்கில் சொன்னதுதான். பக்கத்துக் காத்தாடிகளின் கலங்கலையும் சேர்த்து அந்த எண் என்ன வருகிறது என்று கையெழுத்துப் போடும் முன்பே எழுதி வாங்குங்கள்.