தான செட்டில்மெண்ட் தானாக ரத்தாகாது

"பிள்ளை கவனிக்காவிட்டால் எழுதிக் கொடுத்த வீடு தானாகப் பெற்றோர் பெயருக்கே வந்துவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவைச் சொல்கிறார் போலிருக்கிறது. அதற்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்க வேண்டும்; விசாரணையில் பத்திரம் ரத்தானால்தான் வீடு திரும்பக் கிடைக்கும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 2022-இல் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனை விஷயத்தில் கறாராக இருந்தது. 2025-இல் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. பத்திரம் எழுதுபவர் வழக்கம்போல "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று எழுதி முடித்துவிடுவார். "ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்" என்ற வரியை நாம்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும். அப்புறம், "பையன்தான் பார்க்கணும்" என்பதெல்லாம் பழைய பேச்சு. சட்டத்தில் மகளுக்கும் வயது வந்த பேரப்பிள்ளைகளுக்கும் அதே கடமைதான்.