பிள்ளைக்குக் கைபேசி வேண்டாம், சரி. பேச வழி எங்கே?

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைபேசி வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா என்று எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் பட்டிமன்றம் தொடங்கியிருக்கிறது. நான் கூடாது என்ற அணி. பள்ளிக்குள் கைபேசி கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் அணி வாயே திறக்காத ஒரு கேள்வி இருக்கிறது. சாயங்காலம் டவுன் பஸ் வராவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்லும்?

எங்கள் பள்ளி நாட்களில் மளிகைக் கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. நாலு கடை தள்ளி மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் இருந்தது. பூத் ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு முன்னுரிமை கொடுத்ததால் பல ஊர்களில் அவர்களே அதை நடத்தினார்கள். கையில் காசு இல்லையென்றால், "அப்பா வந்து கொடுப்பார்" என்று சொன்னால் போதும். கைபேசி வந்ததும் இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெரியவர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாமே தடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

எல்லா நாடும் இப்படிக் கைகழுவிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனம், தன்னிடம் இருந்த சுமார் 15,000 பொதுத் தொலைபேசிகளிலிருந்து உள்நாட்டுக்குள் பேசுவதை 2021 ஆகஸ்டில் இலவசமாக்கியது. ஜப்பானில் 10 யென் நாணயம் போட்டுப் பேசும் பச்சை நிறத் தொலைபேசி இன்னும் இருக்கிறது.

நம் ஊரில் மிச்சம் இருப்பது, யாரிடமாவது போன் கேட்டு வாங்கிப் பேசுவது மட்டும்தான். போன மாதம் ஒரு மருந்துக் கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். சீருடையில் வந்த ஒரு சிறுமி தயங்கித் தயங்கிக் கடைக்காரரிடம் போன் கேட்டாள். அவர் உடனே கொடுத்துவிட்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள், எடுக்கவில்லை. "அம்மா நம்பர் தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார். "அது அப்பா போனில்தான் இருக்கிறது" என்றாள். அட்டையில் இருந்த பள்ளி எண்ணுக்குப் போட்டார்கள். ஐந்து மணிக்கு மேல் அங்கே யார் எடுப்பார்கள்? கடைசியில் கடைக்காரரே, "உங்கள் மகள் என் கடையில் நிற்கிறாள்" என்று அப்பாவின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். ஒரு நிமிடத்தில் அழைப்பு வந்துவிட்டது. லோன் தருகிறோம் என்று தொல்லை செய்பவர்கள் என நினைத்து எடுக்கவில்லையாம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கடன், கிரெடிட் கார்டு, போலி போலீஸ் என்று நாள் முழுவதும் வரும் அழைப்புகளில் தெரியாத எண்ணை யார்தான் எடுக்கிறார்கள்? ஆனால் கைபேசி இல்லாத பிள்ளை எப்போது அழைத்தாலும் அது தெரியாத எண்ணாகத்தான் இருக்கும். அதனால் எங்கள் வீட்டில், மகள் வெளியில் இருக்கும் நேரம் முழுவதும் எந்த எண் வந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். தெரியாத எண்களைத் தானாக அமுக்கிவிடும் வசதியும் அணைத்தே இருக்கும். எடுக்காவிட்டால் அடுத்தடுத்து அழைக்க வேண்டும், அதற்கும் எடுக்காவிட்டால் தன் பெயரைப் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இரண்டு எண்கள் மனப்பாடம். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்ற தாயின் பத்து இலக்கம் தெரியாமல் இருப்பது பெரிய விந்தை. போனில் "அம்மா" என்ற பெயரைத் தொட்டே பழகியதால் வந்த வினை.

சிம் போட்ட கைக்கடிகாரம் வாங்கலாமே என்கிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் வரைபடத்தில் பார்ப்பது நம் பதற்றத்துக்கு மருந்து, அவ்வளவுதான். 1098 எண்ணையும் அவசியம் சொல்லிக் கொடுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் அது, கட்டணம் கிடையாது. ஆனால் அது ஆபத்துக்கு. பஸ் வரவில்லை என்று சொல்ல அல்ல.

விடுதிப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். என் தோழியின் மகன் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். வரிசையில் நின்று பேச வேண்டும், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்பதைத் தவிர வேறெதை அவன் சொல்ல முடியும்? இரண்டரை ரூபாய் இன்லேண்ட் லெட்டரில் எழுதலாம் என்றால், அதையும் பிரித்துப் படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார்களாம். சிறைக் கைதிக்குக்கூட வீட்டாரோடு பேசத் தொலைபேசி வசதி செய்து கொடுத்திருக்கும் நாட்டில், கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கட்டுக்காவல்.

கைபேசி கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பும் பள்ளிதான், பேசுவதற்கு ஒரு தொலைபேசியும் வைக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். அனுமதிச் சீட்டு வாங்கி நுழைய வேண்டிய அலுவலக அறைக்குள் வேண்டாம், வராந்தாவில் வையுங்கள். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை அது வேலை செய்ய வேண்டும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள் என்று யாராவது சொல்வார்கள். முதல் வாரம் விளையாடத்தான் செய்வார்கள், விளையாடட்டுமே.